இடது பக்கம் கொஞ்சம் நீளம்

1

இந்தக் கதை என் தலைமுடியிலிருந்து தொடங்கியது. [சிரிக்கவைக்கும் உத்தி இல்லை. உண்மையாகவே அப்படித்தான்.]

என் முடி காதுக்குக் கீழே நிற்கிறது. இடது பக்கம் வலதைவிட ஒரு விரற்கடை நீளம். வெட்டியது என் சித்தி. பெண்களுக்கு முடி வெட்டுவதுதான் அவள் தொழில். சொந்தக் கடை. கோணலாக வெட்டி யாரையும் அவள் வெளியே அனுப்பியதில்லை.

அது வலது கை நன்றாக இருந்த காலம். இப்போது அந்தக் கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மடங்குவதில்லை. என் முடியை வெட்டியது இடது கை.

நாளை மறுநாள் வழக்கு விசாரணை. மருத்துவமனைக்கு எதிராகச் சித்தி போட்ட வழக்கு. நான் சாட்சி. எதிர்த்தரப்பு வக்கீல் என்னைப் பார்த்து, "இந்த முடியை வெட்டியது யார்?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். பதில் வரவில்லை. கதை வந்தது.

2

முதல் தொடக்கம் இது: "நீண்ட தாழ்வாரம் முழுக்க மரணத்தின் வாசனை."

சித்தி படித்தாள். "எனக்கு ஃபினாயில் வாசனைதான் வந்துச்சு. யாருடி செத்தா?"

அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "கால்சியம் என்பது ஒரு கார மண் உலோகம்." நான் வேதியியல் படித்தவள். சித்தி கொட்டாவி விட்டாள். அதையும் அடித்தேன்.

மூன்றாவதில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சித்திக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை. நல்லபடியாக முடிந்தது. மறுநாள் ரத்தத்தில் கால்சியம் குறைந்துவிட்டது என்று வலது புறங்கையில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றினார்கள். கால்சியம் ரத்தக் குழாய்க்குள் போனால் மருந்து. வெளியே கசிந்தால் சதையைத் தின்னும். ஊசி நகர்ந்துவிட்டது. கை வீங்கியது. "எரியுது" என்றாள் சித்தி.

என்றாள் என்று எழுதுகிறேனே தவிர, சத்தம் வரவில்லை. கழுத்தில் தையல். தெருமுனை வரை கேட்கிற மாதிரி பேசுகிறவள் அன்று உதட்டை மட்டும் அசைத்தாள். அவள் குரலாக இருக்க வேண்டியது நான். வீட்டில் எனக்கு அமுக்குணி என்று பெயர். பேருந்தில் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவள்.

ஆனாலும் போனேன். மூன்று முறை நர்ஸின் மேசைக்குப் போனேன். மூன்று முறையும் சொன்னேன். "கொஞ்சம் எரியத்தான் செய்யும்மா, இதோ வரேன்" என்றார். வந்தபோது தோல் கறுத்திருந்தது.

[குறிப்பு: மருத்துவமனையின் பதில் மனு, 'உடனிருந்தவர் அவசரம் புரியும்படி தெரிவிக்கவில்லை' என்கிறது. அதாவது, நான் கத்தவில்லை. அதைப் படித்துவிட்டுச் சித்தி கேட்டாள்: "ஏன், கத்திச் சொன்னாத்தான் வலியா? மெல்ல சொன்னா வலிக்காதா?" இந்தக் கதையில் நான் எழுதாத நல்ல வாக்கியம் இது ஒன்றுதான்.]

3

நர்ஸ் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

முதல் வரைவில் அவர் கையில் ஒரு ஃபோனைக் கொடுத்திருந்தேன். அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பார். சித்தி தாளைத் திருப்பித் தந்தாள்.

"யாருடி இவ?"

"அந்த நர்ஸ்."

"அந்தப் பொண்ணு கையில ஃபோனை எப்படி பாத்தே? ரெண்டு வார்டுக்கும் அவ ஒருத்திதான். ஓடிக்கிட்டே கிடந்தா. காலையில எனக்குத் தலை வாரிவிட்டதும் அவதான். வகிடு எடுக்கத் தெரியல, அது வேற விஷயம்."

"அப்ப யாரைத்தான் கெட்டவங்களா போடுறது?"

"ரெண்டு வார்டுக்கு ஒருத்தியைப் போட்டவன் இருக்கான்ல? அவனைப் போடு."

அவனை நான் பார்த்ததில்லை. பார்க்காத ஆளைப் பாத்திரமாக்குவது கஷ்டம். வழக்கு அவன்மேல்தான், அதாவது மருத்துவமனைமேல்தான். நர்ஸிடமிருந்து ஃபோனைப் பிடுங்கிவிட்டேன். சீப்பைக் கொடுத்துவிட்டேன்.

4

எங்கள் வக்கீலம்மா சித்தியின் பழைய வாடிக்கையாளர். சித்தியின் கை போனதிலிருந்து வேறு யாரிடமும் முடி வெட்டிக்கொள்ளவில்லை. வழக்கோடு சேர்ந்து அவர் முடியும் நீண்டு இப்போது இடுப்பைத் தொடுகிறது.

இன்று காலை கடைக்கு வந்தவர் என் தலையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது யாரு வேலை?"

சித்தி துண்டை உதறினாள். "இடது கையில பழகிட்டிருக்கேன். இவ தலைதான் சும்மா கிடக்கு."

"அக்கா, நீங்க வேலை செய்ய முடியலங்கிறதுலதான் கேஸே நிக்குது."

"அதுக்காக நான் கையைக் கட்டிக்கிட்டு உக்காரணுமா?"

"அப்படிச் சொல்வேனா? வலது கை போனது அவங்க தப்பு. இடது கை வந்தது உங்க உழைப்பு. நஷ்டஈட்டுல இதைக் கழிக்கக் கூடாதுன்னுதான் நான் வாதாடப்போறேன். ஆனா அவங்க கழிக்கச் சொல்வாங்க. பாதியா குறைக்கப் பாப்பாங்க."

"இப்ப என்ன பண்ணணும்கிற?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. இவ முடி இப்படியே இருக்கட்டும். கோணலா இருக்கிறது நமக்கு நல்லது."

சித்தி துண்டை நாற்காலி முதுகில் போட்டாள். பிறகு சொன்னாள்:

"நான் வெட்டின முடி கோணலா போயி சபையில நிக்கணுமா?"

"சமமா நின்னா, கை நல்லாத்தானே இருக்குன்னு கேப்பாங்க அக்கா."

"கேக்கட்டும். கோணலா நின்னா நான் தூக்குல தொங்கிடுவேன்."

"எந்தக் கையால முடிச்சுப் போடுவீங்க?"

இருவரும் சிரித்தார்கள். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். [சிரித்ததில் வந்த தண்ணீர் என்று எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.]

வக்கீலம்மா என் பக்கம் திரும்பினார். "பொய் சொல்லாதே. ஆனா அவங்க கேட்டா என்ன சொல்வே?"

"சித்தி வெட்டினாங்க. இடது கையால."

"என்ன? கேக்கல."

"அவ சொல்லிட்டா," என்றாள் சித்தி. "எனக்குக் கேட்டுச்சு."

5

முடிவுகள்.

ஒன்று: தீர்ப்பு சித்திக்குச் சாதகம். நர்ஸ் கடைக்கு வருகிறார். சித்தி அழுகிறாள். ['அழுகிறாள்' என்பதை அடித்துவிட்டு ஓரத்தில் 'வகிடு எடுக்கக் கத்துக்கொடுக்கிறாள்' என்று எழுதியிருக்கிறாள். இடது கை எழுத்து. என் முடியைவிடக் கோணல்.]

இரண்டு: நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மனுதாரர் தற்போது இடது கையால் நன்றாகவே

இதை என்னால் முடிக்க முடியவில்லை.

மூன்றாவது இப்போது நடக்கிறது. மதியம். கடையில் வேறு யாரும் இல்லை. "வாடி, உக்காரு" என்றாள். நாற்காலியில் உட்கார்ந்தேன். கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினாள். ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் கட்டினாள். இடது கைக்காரர்களுக்கென்று செய்த கத்தரிக்கோல் ஒன்று வாங்கிவைத்திருக்கிறாள். அதை எடுத்தாள்.

"வேண்டாம் சித்தி. கேஸ்."

"கேஸ் கேஸா இருக்கட்டும். தலை தலையா இருக்கட்டும்."

மெதுவாக வெட்டினாள். வெட்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள். நானும் அடக்கிக்கொண்டேன். எதிரே கண்ணாடியில் இருந்த சித்தி வலது கையால் வெட்டிக்கொண்டிருந்தாள்.

சித்தியும் அதைக் கவனித்தாள். "பாரு, அங்க நிக்கிறவளுக்குக் கை நல்லாத்தான் இருக்கு. அவளைக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடாதே."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். கைக்கண்ணாடியை என் தலைக்குப் பின்னால் பிடித்தாள். எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்பதைக் கேட்டாள்.

"போதுமா?"

கைக்கண்ணாடி இடது கையில் ஓரிடத்தில் நிற்கவில்லை. பின்பக்கம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நீங்கள் இவ்வளவு நேரமாக என் பின்னால் நின்றுதான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். சமமாக இருக்கிறதா? இருந்தால் இந்தத் தலையோடு போவேன், கேட்டால் வெட்டியவள் யார் என்று சொல்வேன். இல்லையென்றால் சித்தி மறுபடி கத்தரிக்கோலை எடுப்பாள்.

கத்த வேண்டாம். மெல்லச் சொன்னாலே இங்கே கேட்கும்.