தங்க வேலும் ஒற்றை ரூபாயும்

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் காலை ஷிப்டுக்காரர்கள் யாரும் தூங்குவதில்லை. போர் புரிகிறார்கள். குனிந்த தலை நிமிராமல் பஸ் முழுக்கக் கட்டைவிரலால் சண்டை நடந்துகொண்டிருக்கும். டிரைவர் ஒருவர்தான் சாலையைப் பார்த்துக்கொண்டு வருவார். அந்த மட்டுக்கும் கம்பெனிக்குக் கொடுப்பினை உண்டு.

அந்தப் படைக்குத் தளபதி கலைமணி. கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். ‘கோட்டைப் படை’ என்கிற ஆன்லைன் விளையாட்டில் ஓர் அணியின் தலைவர். முதல் பதவிக்கு வருடக்கணக்காக உழைத்தார். இரண்டாவது சில மாதங்களிலேயே கிடைத்துவிட்டது. சூப்பர்வைசர் கூப்பிட்டால் மெதுவாக நடந்து வருகிறவர்கள், தளபதி கூப்பிட்டால் உயிரைக் கொடுத்தார்கள். விளையாட்டில் போன உயிர் திரும்ப வரும் என்பதும் ஒரு காரணம்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஆறுமுகநயினார் மட்டும் அந்தப் படையில் சேரவில்லை. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். மாதச் சந்தா கட்டி ஆடும் வேறொரு பழைய விளையாட்டு அவருடையது.

“இன்னா நைனாரு, மாசாமாசம் துட்டு அழுதுகினு ஆட்றியே, மூளைய வாடகைக்கு வுட்டுட்டியா?” என்றார் கலைமணி. பஸ் சிரித்தது.

“மாசம் பொறந்தா ஒருதரம் கட்டுதேன் அண்ணே. அதோட அவன் சோலி முடிஞ்சுது. பொறவு துட்டுக்காரன் வாளும் என் வாளும் ஒண்ணுதான். ஒங்க ஆட்டத்துல வாசல்ல டிக்கெட்டு இல்ல, சரி. உள்ள போனா கதவுக்குக் கதவு டிக்கெட்டுல்லா வைக்கான்?”

“எங்களுது ஃப்ரீப்பா.”

“சும்மா கெடைக்கத விட்டுட்டு துட்டு கட்டுதாரு பாரு!” என்று பின்சீட்டிலிருந்து ஒத்து ஊதினான் இசக்கிதுரை. தளபதியின் வலது கை. லைனில் அவரிடம் வேலை செய்யும் இளைஞன்.

கலைமணியும் சிரித்தார். ஆனால் அந்த ‘சும்மா’ அவரைக் கொஞ்சம் குத்தியது.

போன மழைக்காலத்தில் அவர் மகள் லீலா காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. டாக்டர் வாய் திறக்காத நாளில் அவர் மனைவி சசிரேகா ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து, வல்லக்கோட்டை முருகனுக்கு வெள்ளி வேல் சாத்துவதாக வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது. அன்றிலிருந்து ஜாக்கெட் தைத்து வருகிற காசையெல்லாம் அதே துணியில் போட்டுப் போட்டு முடிந்தாள். மூட்டை கொய்யாக்காய் அளவுக்கு ஆனது.

“இந்தக் காலத்துல போய் மஞ்சத்துணியா? எவனாவது தூக்கிகினு பூடுவான். என் போன்ல இருந்தா பத்திரம்” என்று கலைமணிதான் அதை வாங்கிக் கணக்கில் போட்டார். முதலில் முடிந்த ஒற்றை ரூபாயை மட்டும் சசிரேகா தரவில்லை. அது சாமிக்கு முடிந்தது என்று திரும்ப முடிந்து வைத்துக்கொண்டாள்.

திருடன் வீட்டுக்கு வரவில்லை. போனுக்குள்தான் குடியிருந்தான்.

விளையாட்டில் எதிரணித் தலைவனிடம் தங்க வேல் ஒன்று இருந்தது. அதை வீசினால் கலைமணியின் படை மொத்தமும் சாய்ந்துவிடும். தொடர்ந்து தோற்றார்கள். “அண்ணே, நீங்க மட்டும் அந்த வேல எடுத்துட்டா நாம செயிச்சிருவோம்ணே” என்றான் இசக்கிதுரை. திரையில் வேலின் விலைக்குப் பக்கத்தில் ‘இன்று மட்டும்’ என்று ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது. வேண்டுதல் பணத்திலிருந்து எடுத்துக்கொண்டு, சம்பளம் வந்ததும் ஈடுகட்டிவிடலாம் என்று கலைமணி விரலை வைத்தார். போன் ஒரு தரம் அதிர்ந்தது. திருடுகிறோம் என்று தோன்றக்கூட நேரம் இருக்கவில்லை.

படை ஜெயித்தது. கொஞ்ச நாளில் எதிரணியிடம் வைர வேல் வந்தது. தங்க வேல் தகரமாயிற்று. அதற்குப் பிறகு கேடயம், குதிரை, குதிரைக்குக் கவசம். ஒரு டீ வடைக்கு மேல் அந்த விளையாட்டு ஒருபோதும் கேட்டதில்லை. டீ வடையாகவே கேட்டுக் கேட்டு, ஒரு கல்யாணப் பந்தியைத் தின்று முடித்திருந்தது. சம்பளம் வந்தது. அது வந்த வழியே வாடகைக்கும் மளிகைக்கும் போயிற்று.

கிருத்திகை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. “இன்னிக்கு வேல் வாங்கிச் சாத்திடலாம்” என்று சசிரேகா தலைக்குக் குளித்து, லீலாவுக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டாள். சீசன் கூட்டம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று கலைமணி சொல்லிப் பார்த்தார்.

“அடுத்த வாரம் அடுத்த வாரம்னு நாலு கிருத்திகை பூட்ச்சு. சாமி இன்னா ஓவர்டைமா பாக்குது?”

வல்லக்கோட்டையில் கோயிலுக்குப் போகும் தெருவில் ஒரு வெள்ளிக்கடை. கடைக்காரர் ரத்தினம் சிவப்புத் துணி விரித்து வெள்ளி வேல் ஒன்றை எடுத்து வைத்தார். பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் சின்னப் பெட்டி ஒன்று மேசைமேல் இருந்தது. முன்னால் நின்றவருக்கு அது வாழ்த்துப்போலக் கத்தியது. கலைமணி போனை நீட்டினார். பெட்டி வாயைத் திறக்கவில்லை.

“சர்வர் பிராப்ளமா இருக்கும்” என்றார்.

“இப்பதானே சார் ஒருத்தர் போட்டாரு” என்றார் ரத்தினம், பணிவாக.

மறுபடி நீட்டினார். போதிய இருப்பு இல்லை என்று திரையில் வந்ததைச் சசிரேகா படித்துவிட்டாள். பின்னால் வரிசை நின்றது.

“எங்க பூட்ச்சு?”

லீலாதான் பதில் சொன்னாள், பெருமையாக: “ம்மா, அப்பா ஏற்கெனவே வேல் வாங்கிட்டாரும்மா! போன்ல கீது. தங்கத்துல!”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சசிரேகா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் கலைமணி தாங்கியிருப்பார். ரத்தினத்திடம், “வேல எடுத்து வெச்சிடுங்கண்ணா, அப்பறம் வரோம்” என்று சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் நடந்தாள்.

கொடிமரத்தடியில் உட்கார்ந்து இடுப்பிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தாள். முடிச்சு இறுகிக்கிடந்தது. நகத்தால் கிள்ளினாள், வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். கலைமணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தார். ஒருவழியாக ஒற்றை ரூபாய் உள்ளங்கையில் விழுந்தது.

“முடிஞ்சு வெச்சது இது ஒண்ணுதான். இது ஒண்ணுதான் மிச்சம் கீது” என்றாள். “இதை அவுக்க எம்மாம் நேரம் ஆச்சு, பாத்தீங்களா? அந்த நேரத்துல தப்பு பண்றவனுக்குக்கூட மனசு சாமியாண்ட திரும்பிடும். முடிச்சு திருடனுக்குப் போட்டதில்லீங்க. நமக்குப் போட்டது.”

அந்த ரூபாயைத் திரும்ப வைத்து இறுக்கி முடிந்து, கலைமணியின் சட்டைப்பையில் போட்டாள். “புள்ள உங்களுக்குந்தான் பொழச்சுது. இனிமே நீங்க முடிங்க.”

வீடு போய்ச் சேர்ந்தார்கள். கலைமணி அன்றே விளையாட்டைப் போனிலிருந்து அழிக்கப் போனார். ‘போகாதீர்கள், உங்களுக்காக இலவசப் பரிசு காத்திருக்கிறது’ என்றது அது. அவர் பையில் இருந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ‘அழி’ என்பதை அழுத்தினார்.

திங்கட்கிழமை பஸ்ஸில் இசக்கிதுரை ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். “அண்ணே, எங்க போனிய? படையே செதறிக் கெடக்கு. அந்த வைர வேல நானே எடுத்துரவா? இன்னிக்கு மட்டும் பாதி வெலைன்னு போட்டிருக்கான்.”

கலைமணி சட்டைப்பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து அவன் கையில் வைத்தார். “மொதல்ல இத அவுரு. அவுத்துட்டு அப்பறம் வாங்கு.”

இசக்கிதுரை சிரித்துக்கொண்டே முடிச்சைப் பிடுங்கினான். வரவில்லை. பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. அவன் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. “என்னண்ணே இது, இந்த இறுக்கு இறுக்கி வச்சிருக்கிய?” என்று நிமிர்ந்தபோது அவன் போன் திரையில் அந்தக் கடிகாரம் ஓடி முடிந்திருந்தது. உடனே புதிதாக ஒன்று ஓட ஆரம்பித்திருந்தது. இன்று மட்டும், பாதி விலை.

இசக்கிதுரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனைக் கவிழ்த்து மடியில் வைத்தான்.

கலைமணி ஜன்னலோரம் திரும்பி, “நைனாரு, அன்னிக்கு உன்ன நக்கல் பண்ணேன். மனசுல வெச்சிக்காதப்பா” என்றார். பிறகு பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார்:

“வெலையச் சொல்லி வாங்கறவன் ஒரு தபா வாங்கிகினு வுட்டுடுவான். ஃப்ரீன்னு கூப்புட்றவன் வுடவே மாட்டான். வெல எழுதாத பொருளுக்கு வெல முடியறதே இல்லப்பா. நான் சாமி துட்டக் குடுத்துக் கத்துகினேன். நீங்க சும்மா கத்துக்கோங்க. இது ஒண்ணுதான் நெசமாவே ஃப்ரீ.”