முகம் சுளிக்காமல்

மாணிக்கவேலுக்குச் சட்டம் தெரியும். எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை; கேட்டால் சொல்ல ஆரம்பித்துவிடுவாரே என்ற பயம்தான். பல்லாவரத்தில் ஓர் ஆபீசில் ஹெட் கிளார்க். மூன்று வரியில் முடிகிற சமாசாரத்தை ‘மேற்படி’, ‘மேற்கண்ட’ போட்டு முக்கால் பக்கத்துக்கு இழுக்கத் தெரிந்தவர்.

அவருடைய அப்பா குப்புராஜ், ரயில்வே ஷெட்டில் உழைத்து இரும்புலியூரில் ஒரு வீடு கட்டியிருந்தார். ஜி.எஸ்.டி. ரோடு கூப்பிடு தூரம். தொண்ணூறுகள் பிறந்ததும் அங்கே மனை விலை ஏற ஆரம்பித்தது. மாணிக்கவேலுக்குத் தகப்பன் மேலிருந்த பாசமும் கூடவே ஏறியது.

குப்புராஜுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டு நாலு வருஷம். கழுவுவது, துடைப்பது, தூக்கி உட்கார வைப்பது எல்லாம் புருஷனை இழந்து வந்த மகள் முத்தாலம்மாள். மாணிக்கவேல் எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளோடு வருவார். அறை வாசலைத் தாண்டாமல், கர்ச்சீப்பை மூக்கில் பொத்திக்கொண்டு, “அப்பா, எவ்ரிதிங் ஓகே?” என்பார். பதிலுக்குக் காத்திருக்கிற வழக்கமில்லை.

கிழவர் ஒருநாள் வீட்டைத் தங்கை பேருக்கு எழுதித் தொலைத்துவிட்டால்? அந்த நினைப்பு வந்த நாளிலிருந்து மாணிக்கவேலுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா கையெழுத்துப் போட வேண்டிய செட்டில்மெண்ட் பத்திரத்தைத் தானே எழுத உட்கார்ந்தார். பத்திரம் எழுதுகிறவர்களுக்குப் பாஷை போதாது என்பது அவர் அபிப்பிராயம். வீடு மாணிக்கவேலுக்கு. தகப்பனாரைப் பராமரிக்கும் பொறுப்பு முத்தாலம்மாளுக்கு. அவர் உயிரோடு இருக்கிறவரை பின்கட்டு அறையில் அவள் இருந்துகொள்ளலாம். அவளும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கையில் பேனா இருந்தது. ஆபீஸ் விதிகளையெல்லாம் தங்கையின் தலையில் இறக்கினார். ‘மேற்படி முத்தாலம்மாள் கூப்பிட்ட குரலுக்கு உடன் ஆஜராக வேண்டியது. ஓர் இரவேனும் வெளியில் தங்க நேரின் முன் அனுமதி பெற வேண்டியது. மலஜல உபாதைகளை முகம் சுளிக்காமல் கவனிக்க வேண்டியது.’

தாம்பரம் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே, பத்திரம் எழுதும் தசரதனின் கொட்டகைக்கு அப்பாவை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். சாட்சிக்குத் தாய்மாமன் பூவராகன். அப்பா தெளிந்த புத்தியோடு இருக்கிறார் என்று டாக்டர் சர்டிபிகேட்டும் தயார். மாணிக்கவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் வாசகத்தைப் படித்தார். ‘முகம் சுளிக்காமல்’ வந்ததும் நிறுத்தி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“இதுல எவனாவது ஒரு குத்தம் சொல்லட்டும் மாமா. ரெண்டு பேருக்கும் ஈக்வல் ஜஸ்டிஸ்.”

“இன்னொரு தபா படி,” என்றார் குப்புராஜ்.

பூரித்துப் போய் இன்னொரு தபா படித்தார்.

“ஷோக்கா எழுதிகீறடா. ஒரு எழுத்தைக்கூட மாத்த வாணாம். பேரை மட்டும் மாத்திடு. வூடு தங்கச்சிக்கு. செய்ய வேண்டியதெல்லாம் உனுக்கு.”

“அப்பா, ஜோக் அடிக்காதீங்க.”

“ஜோக் அடிக்கவா இந்த ஒடம்போட ஆட்டோல வந்துகினு கீறேன்?”

பூவராகன் துண்டால் வாயை மறைத்துக்கொண்டார். “இன்னா மருமவனே, ஒத்துக்கயேன். குத்தமே கெடையாதுன்னியே.”

“என்ன மாமா பேசறீங்க! எனக்கு ஆபீஸ் இருக்கு, பிரஷர் இருக்கு. ராத்திரி வெளிய தங்க பர்மிஷன் வாங்கணுமாம். நான் என்ன ஜெயில் கைதியா? மனுஷன் செய்யற காரியமா இதெல்லாம்?”

“அப்ப நான் யாருண்ணா?” என்றாள் முத்தாலம்மாள்.

மாணிக்கவேல் அவள் பக்கம் திரும்பவில்லை. தசரதனின் காதருகே குனிந்தார். “பெரியவருக்கு நிதானம் இல்ல சார். இன்னிக்கு நிறுத்திடலாம்.”

தசரதன் சர்டிபிகேட்டைத் தூக்கிக் காட்டினார். “நீங்க கொண்டாந்ததுதானே சார்? புத்தி நல்லாத் தெளிவா இருக்குன்னு போட்டிருக்கே.”

“அது… காலைல வாங்கினது.”

குப்புராஜ் சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. முத்தாலம்மாள் நெஞ்சைத் தடவிவிட்டாள். இருமல் அடங்கியதும் அவர் தசரதனிடம் சொன்னார்: “அவனால முடியாதாம்பா. பாவம், வுட்டுடு. அந்த ஷரத்தையெல்லாம் அடிச்சிட்டு வூட்டை எம்மவ பேருக்கு எழுது. நான் கீற வரிக்கும் அதுல எனுக்கு ஒரு கட்டில் போட எடம். அவ்ளோதான்.”

“அதுவும் எழுதணுமாப்பா?” என்றாள் அவள்.

“எழுதணும்மா. பெத்த புள்ளைங்க விஷயம்.”

சாயங்காலத்துக்குள் பதிவு முடிந்துவிட்டது. அப்பாவை மறுபடி ஆட்டோவில் ஏற்ற வேண்டியிருந்தது. “அண்ணா, அந்தப் பக்கம் ஒரு கை தாங்கேன்,” என்று முத்தாலம்மாள் கூப்பிட்டாள். மாணிக்கவேல் பக்கத்து டீக்கடையில் இருந்தார். இந்தப் பத்திரம் மேல்கோர்ட்டில் நிற்காது என்றும், அதற்கு மூன்று பாயின்ட் வைத்திருப்பதாகவும் மாமாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மாமா டீயை அப்படியே வைத்துவிட்டு அந்தப் பக்கம் கை தாங்கப் போய்விட்டார். மாணிக்கவேல் முதல் பாயின்டை டீ ஆற்றுகிறவரிடம் ஆரம்பித்தார்.