நாற்பது மைலில் நடுங்கும் ஜீப்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. கொட்டாஞ்சேனை மாக்ரெட் சொன்னது. அவளுடைய கணவன் றேமண்டுக்குத் தொண்ணூற்றாறில் நடந்தது. அவன் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. எழுதத் தொடங்கித் தொடங்கிக் கிழித்துப்போட்டு எனக்கு வெறுத்துவிட்டது.

கொழும்பின் வானம் அன்று மங்கலாக... (வானத்துக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.)

றேமண்ட் ஒரு ஜீப் பைத்தியம்... (பொய். அவன் சிலாபத்து இறால் பண்ணைகளுக்குப் பம்ப் பூட்டிக்கொடுப்பவன். சேற்றுப் பாதையில் அடி தட்டுகிறதென்று ஸ்பிரிங்கை மாற்றி ஜீப்பை அரையடி உயர்த்தினான். அவ்வளவுதான்.)

2

உயர்த்திய நாள்முதல் நாற்பது மைல் வேகத்தைத் தொட்டால் ஜீப் நடுங்கியது. ஸ்டியரிங், சீற், பல், எல்லாம். டயர் மாற்றினான். சில்லு பலன்ஸ் பார்த்தான். தண்டின்* மூட்டுகளைப் புதிதாகப் போட்டான். நடுக்கம் அப்படியே இருந்தது. மாக்ரெட் இனி அதில் ஏறமாட்டேன் என்றுவிட்டாள்.

ஒருகொடவத்தையில் கராஜ் வைத்திருந்த சிநேகிதன் நிலாம், பக்கத்தில் இருந்து ஓடிப் பார்க்காமல் ஒன்றும் சொல்லமுடியாதென்றான். கொள்கலன் யார்டுகளை ஒட்டிய நேர் றோட்டில் இருவரும் மேலும் கீழுமாக ஓடினார்கள்.

(* இயந்திரத்தின் சுழற்சியைப் பின்சில்லுகளுக்குக் கொண்டுபோகும் இரும்புத் தண்டு. வண்டியை உயர்த்தினால் அது அளவுக்கு மீறிச் சரிந்துவிடும். இதை நானும் பிறகுதான் அறிந்தேன்.)

3

ஒரே றோட்டில் திரும்பத் திரும்ப ஓடும் உயர்த்திய ஜீப். ஓட்டுகிறவன் தமிழன். கொழும்பில் குண்டு வெடித்த அந்த வருசம் சந்தேகிக்க வேறு காரணம் தேவைப்படவில்லை. பொலிஸ் மறித்தது.

ஜீப் நடுங்குகிறது, அதைத்தான் பார்க்கிறோம் என்று றேமண்ட் தெரிந்த சிங்களத்தில் விளக்கினான். இன்ஸ்பெக்டர் நிதானமான மனிதர். அப்படியென்றால் நடுக்கிக் காட்டு என்று முன்சீற்றில் ஏறிக்கொண்டார். நிலாமைப் பின்னால் ஏற்றி, அவனைச் சுற்றித் துவக்கோடு நாலு தடித்த பொலிஸ்காரர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

நாற்பது. நடுக்கமில்லை. நாற்பத்தைந்து. ஜீப் தோணிபோல வழுக்கிக்கொண்டு போனது. எத்தனையோ கிழமை அந்த நடுக்கத்தைத் திட்டித் தீர்த்த றேமண்ட், இப்போது அது வரவேண்டுமென்று அந்தோனியாரை மன்றாடினான்.

இன்ஸ்பெக்டர் நிறுத்தச் சொன்னார். ஸ்டேசனுக்குப் போவோம் என்றார்.

பின்னாலிருந்த நிலாமுக்கு அப்போதுதான் பிடிபட்டது. பாரம். இத்தனை பேர் ஏறியதில் ஜீப் தாழ்ந்து, நடுக்கத்தைக் கொண்டுவந்த தண்டின் சரிவு குறைந்துவிட்டது. பிழை பிடிபட்டுவிட்டது; ஆனால் அதைச் சொல்வதென்றால்...

சொன்னான். "சேர், உங்கட ஆக்களை இறக்கிப்போட்டு நீங்க மட்டும் போய்ப் பாருங்க."

4

சந்தேகப்பட்ட ஒருவனோடு தனியாகப் போ என்று ஒரு பொலிஸ் அதிகாரியிடம் கேட்பது. இந்த இடத்தில் என் பேனா பலநாள் நின்றது.

நடந்தது இதுதான். அவர் நிலாமின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு அவனையும் பொலிஸ்காரரையும் றோட்டோரம் இறக்கிவிட்டு, றேமண்டோடு தனியே போனார். நாற்பதில் ஜீப் நடுங்கிய நடுக்கத்தில் அவருடைய தொப்பி மடியில் விழுந்தது. திரும்பி வந்ததும், சீக்கிரம் திருத்து என்று மட்டும் சொல்லி இருவரையும் விட்டார். நிலாம் பின்னச்சுக்கு ஆப்பு வைத்துச் சரிவைத் திருத்தினான். றேமண்ட் அடுத்த மாதமே ஜீப்பை விற்றான்.

வாசித்துப் பார்த்த மாக்ரெட்டுக்குத் திருப்தியில்லை.

"அந்தாள் பொலிஸ்காரரை இறக்கியிராட்டி என்ன நடந்திருக்கும்? அதையும் எழுதுங்கோ."

எழுதமாட்டேன். வேண்டுமென்றால் அந்த முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதற்குள் ஸ்டேசன் வழியாகப் போய்த் திரும்பாதவர்கள் சிலரோடு நான் பழகியிருக்கிறேன்.