எல்லாத்துக்கும் கப்பல்தான்

என் மகள் றொஷினியைப் பள்ளிக்கூடத்தில் போர்க்கப்பல்களின் வரலாறு பற்றிப் பேசச் சொல்லியிருந்தார்கள். அந்த வாத்தியாருக்கு உலகத்தில் வேறு தலைப்பே கிடைக்கவில்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவளும் சும்மாவா? ஞாயிறு பூசை முடிந்து மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பக்கத்திலிருந்து மச்சாள் சிவாஜினி சாப்பிட வந்திருந்த நேரம் பார்த்துத்தான் ஒத்திகையைத் தொடங்கினாள்.

சிவாஜினி என் தம்பி வலன்ரைனின் மனைவி. இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், கடைசிச் சண்டையில், வன்னிக் கடற்கரையில் அவனைப் பறிகொடுத்தவள். ஒவ்வொரு மே மாதமும் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"மச்சாள், பங்கர் குழிக்குள்ளை இருந்த மனிசன் ஏன் கரைக்கு ஓடினவர்? கடைசியா போனிலை உங்களோடைதானே கதைச்சவர்?"

"கதைக்க முந்தி லைன் கட்டாப் போச்சு" என்பேன். பதினாறு வருடமாக அதே பொய்.

றொஷினி குசினி மேசையில் படங்களைப் பரப்பினாள். மாமிக்காகத் தமிழில் சொன்னாள்.

"முதல்லை கப்பலும் கப்பலும் வரிசையா நிண்டு சண்டை பிடிச்சது. பேந்து பிளேன் வந்து குண்டு போட, இந்தப் பெரிய கப்பலுகளுக்குக் கடல்லை வேலை இல்லாமப் போச்சு. அதாலை கரைக்கு அடிக்க விட்டவை. இப்ப மிச்சம் இருக்கிறது எல்லாம் மியூசியம்."

பிறகு பீரங்கிகள் நீட்டிக்கொண்டிருந்த படத்தைக் காட்டினாள். "அம்மா, இதைத் தமிழிலை எப்பிடிச் சொல்லுறது?"

"கப்பல்."

"இது?" சிலுவை போட்ட வெள்ளை ஆஸ்பத்திரிக் கப்பல்.

"அதுவும் கப்பல்தான். பேசாமச் சாப்பிடு."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப ஒராள் 'கப்பல் வருது' எண்டு கத்தினா, ஓடி ஒளிக்கிறதோ, ஏறப் போறதோ?"

மாதாவே! என் கையிலிருந்த அகப்பை சட்டிக்குள் விழுந்தது.

சண்டையின் அந்தக் கடைசி நாட்களில் மொன்றியல் முழுக்க ஒரே கதை. வன்னிக் கரையில் அகப்பட்ட சனத்தை ஏற்ற வெளிநாட்டுக் கப்பல் வருகிறதாம். ஊர்வலத்தில் சொன்னார்கள், கோயிலில் சொன்னார்கள். நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்ய? நேவியின் சின்னப் பீரங்கிப் படகென்றால் 'டோறா' என்று வலன்ரைனே சொல்லியிருப்பான். அவன் சொன்னது வேறு.

இனியும் மறைக்க எனக்குத் தெம்பில்லை.

"சிவாஜினி, லைன் கட்டாகேல்லை. 'அக்கா, பெரிய கப்பல் ஒண்டு தெரியுது' எண்டு சொன்னவன். நான்தான், பாவி, 'அதுதான்ரா, உங்களை ஏத்த வருது, கரைக்கு ஓடு' எண்டனான். அது அடிக்க வந்த கப்பல்."

றொஷினி படங்களை மெல்ல ஒதுக்கினாள். சிவாஜினி என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அவர் சிரிச்சுக்கொண்டு ஓடினவர், மச்சாள்" என்றாள். "ஏன் சிரிச்சவரெண்டுதான் இவ்வளவு காலமும் எனக்கு விளங்கேல்லை."

சோற்றில் கை வைக்காமல் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். அடுத்து வந்த மே மாதம் அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.