தரம் உயர்த்தப்படும்

ஆரோக்கிய ராணி கல்யாணமாகிச் சவேரியார் தெருவுக்கு வந்தபோது அந்த வீட்டுக்குள் படியேறித்தான் போனாள். இப்போது படியிறங்கிப் போகிறாள். வீடு எங்கேயும் நகரவில்லை. அது பாட்டுக்குக் கட்டிய இடத்தில்தான் கிடக்கிறது. சாலைதான் வளர்ந்துவிட்டது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அப்படியொரு வளர்த்தி கிடையாது. தேர்தல் வந்தால் ஒரு தார், குழாய் பதித்தால் ஒரு தார், பதித்த குழாயைக் காணோமென்று தேடித் தோண்டினால் அதற்கும் ஒரு தார். பழைய தாரை யாரும் பெயர்ப்பதில்லை. இட்லித் தட்டின் மேல் இட்லித் தட்டாக அடுக்கிக்கொண்டே போனார்கள்.

கூடத்தில் உட்கார்ந்து சன்னல் வழியே பார்த்தால் தெருவில் போகிறவர்களின் முகம் தெரியாது, செருப்புதான் தெரியும். யார் புதுச் செருப்பு வாங்கினார்கள், யார் கோயிலில் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார்கள் என்பதெல்லாம் ராணிக்கு அத்துப்படி. தெருநாய்கள் கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல அவள் வீட்டை எட்டிப் பார்க்கும். மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் காலிங்பெல் அடிக்காமலே உள்ளே வரும். ஒரு ஐப்பசியில் அவள் கணவர் இருதயசாமி கட்டிலில் படுத்தபடியே அடுப்படி வரை மிதந்துபோய்க் காபி வாங்கிக்கொண்டு திரும்பினார் என்று எதிர்வீட்டு ஜமாலுதீன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அது தேக்குக் கட்டில். அவ்வளவு தூரம் போயிருக்காது. கூடத்தில் பாதி தூரம் போயிருக்கலாம்.

சிரிப்பெல்லாம் மற்றவர்களுக்கு. ராணிக்கு மிச்சமிருந்தது ஒரு கேட். வெளிப்பக்கம் திறக்கிற இரும்புக் கேட். சாலை உயர உயர அதன் அடியை வெட்டி வெட்டி, கடைசியில் தாழ்ப்பாளுக்குக் கீழே வெட்ட இரும்பில்லாமல் போய்விட்டது. இன்னொரு தார் விழுந்தால் கேட் திறக்காது. மழைத் தண்ணீரும் முழங்காலோடு நிற்காது. வீட்டை விற்கவும் முடியாது. பள்ளத்தை யார் வாங்குவார்கள்?

இந்த நிலைமையில்தான் அந்த அறிவிப்பு வந்து விழுந்தது. நகரத்துக்கு ஒரு திட்டம் தயாராகிறதாம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பால் பொங்கிவிடும்: 'உள்ளடக்கிய, நீடித்த, தாங்குதிறன் மிக்க, மக்கள் மையப் பசுமை நகர்ப்பகுதித் திட்டம்.' அதில் சவேரியார் தெரு 'தரம் உயர்த்தப்படும்'.

ராணி காப்பீட்டு ஏஜெண்டு. பெரிய எழுத்தில் எதைப் பார்த்தாலும் கீழே சின்ன எழுத்தைத் தேடுகிற கண் அவளுக்கு. இந்த அறிவிப்பில் சின்ன எழுத்தே இல்லை. அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது.

"உயர்த்தப்படும்னு போட்டிருக்காங்க. எவ்வளவு உயர்த்துவாங்கன்னு ஒரு வார்த்தை இல்லியே?" என்று அறிவிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இருதயசாமியின் கண் வேறொரு வரியில் நின்றுவிட்டது. 'பங்குதாரர் கலந்தாய்வுக் கூட்டம். அனைவரும் வருக.'

"இது நம்ம பங்குக் கூட்டம் ராணி. பங்குன்னு போட்டிருக்கு பாரு," என்றார். கிறிஸ்தவக் கோயிலைச் சேர்ந்த சபையைப் பங்கு என்பார்கள். அந்தப் பங்கில் பிறந்து, பங்கில் வளர்ந்து, பங்குப் பேரவையில் உட்கார்ந்து தேய்ந்த மனிதருக்குப் பங்கு என்றால் அது ஒன்றுதான். அவள் அவசரமாய் ஒரு பாலிசி விஷயமாக நெல்லிக்குப்பம் போய்த் திரும்புவதற்குள், பங்கு மக்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். பாடகர் குழுவுக்கும் சொல்லிவிட்டார்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். சிதம்பரத்தில் அலுவலகம் வைத்திருக்கிற ஓர் ஆலோசனை நிறுவனத்திலிருந்து கதிரவன் என்கிற இளைஞன் மடிக்கணினியோடு வந்து இறங்கினான். வாசலில் கால் வைத்ததுதான் தாமதம், ஆர்மோனியம் முழங்கியது. கோயிலுக்கு ஆயர், அதாவது பிஷப், வரும்போது பாடுகிற வரவேற்புப் பாட்டை, நான்கு குரல்களில், ஒரு சரணமும் விடாமல் பாடகர் குழு பாடி முடித்தது. கதிரவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதுவரை அவன் போன ஊரிலெல்லாம் அவனை வரவேற்றது மின்வெட்டு மட்டும்தான். செல்பேசியில் முழுவதையும் படமெடுத்துக்கொண்டான்.

பிறகு திரையில் படங்கள் ஓடின. கடலூரில் அப்படியொரு புல்தரையை யாரும் பார்த்ததில்லை. அதில் நடந்துபோன குடும்பத்துக்கு வியர்க்கவே இல்லை. கதிரவன் பேசப் பேச வார்த்தைகள் ஆடிக்காற்றில் பஞ்சுபோலப் பறந்தன. பசுமை, பங்கேற்பு, ஒருங்கிணைந்த, முழுமையான. ஒன்றைக்கூட யாராலும் கையில் பிடிக்க முடியவில்லை.

ராணி எழுந்தாள். "தம்பி, எங்க தெருவு தரம் உயர்த்தப்படும்னு இருக்கே, எவ்வளவு உயரும்?"

"உலகத் தரத்துக்கு மேடம்."

"உலகம் எவ்வளவு ஒசரம் தம்பி? என் கேட்டுக்கு மேலயா, கீழயா?"

மண்டபம் சிரித்தது. கதிரவனும் சிரித்தான். "நல்ல கருத்து மேடம். பதிவு பண்ணிக்கறோம்."

"கருத்து இல்ல தம்பி, கேள்வி."

"அதையும் பதிவு பண்ணிக்கறோம்."

ஜமாலுதீன் எழுந்தார். ஜித்தாவில் பல வருஷம் கூட்டுக் கடை நடத்தித் திரும்பியவர். பங்குதாரர் என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். "தம்பி, நம்மள பங்குதாரர்னு போட்டு அழைச்சிருக்கீங்க. ரொம்ப சந்தோஷம். எனக்கு இதுல எது பங்கு?"

"எல்லாமே உங்களோடதுதான் சார்."

"எல்லாமே என்னோடதுன்னு சொன்ன கூட்டாளிதான் ஜித்தாவுல கடைய தன் மச்சான் பேருல எழுதினான். எல்லாம் வாணாம். எது என்னோடதுன்னு மட்டும் தொட்டுக் காட்டுங்க."

கதிரவன் கடிகாரத்தைப் பார்த்தான். சமோசா வந்தது. சமோசா வந்த பிறகு உலகில் எந்தக் கூட்டமும் உருப்பட்டதில்லை.

கொஞ்ச நாளில் வரைவு அறிக்கை செல்பேசிக்கு வந்தது. ராணி கூடத்தில் நின்றபடியே படித்தாள். 'சவேரியார் தெருப் பங்குதாரர்கள் திட்டத்தை ஏகமனதாக ஏற்று, பாடி வரவேற்றனர்.' பக்கத்தில் படம். பாடகர் குழு வாயைத் திறந்தபடி, நடுவில் ஆர்மோனியத்தோடு இருதயசாமி.

அவள் போட்ட சத்தத்தில் சன்னலுக்கு வெளியே போன செருப்புகள் எல்லாம் நின்றன.

"நான் கேட்ட கேள்வி எங்க? பாய் கேட்டது எங்க? உங்க பாட்டு மட்டும் பக்கம் பூரா நிக்குது! என் வீட்ட நானே பாட்டுப் பாடிப் பொதைச்ச மாதிரி எழுதி வச்சிருக்கான்!"

"சுருதி நல்லா சேர்ந்துச்சு அன்னிக்கு," என்றார் இருதயசாமி, மெதுவாக.

அவள் பார்த்த பார்வையில் அவர் ஆர்மோனியத்துக்கு உறை போட்டுப் பரண்மேல் ஏற்றினார்.

அறிக்கையின் கடைசியில் ஓர் இடம் காலியாக இருந்தது. 'பங்குதாரர் பிரதிநிதியின் ஒப்பம்.' தெருச் சங்கத்தின் செயலாளர் ராணிதான். எதிர்வீட்டுக்குப் போய் அதைக் காட்டினாள். ஜமாலுதீன் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கினார்.

"இது போதும் ராணிக்கா. பங்குதாரர் கையெழுத்து போடாம எந்தக் கடையிலயும் கணக்கு முடியாது. கெளம்புங்க சிதம்பரத்துக்கு."

மறுநாள் காலை இருவரும் பஸ் ஏறினார்கள். கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். ஆலப்பாக்கம் வரை ராணி ஒற்றைக் காலில் நின்றாள். இன்னொரு கால் யார் மடியில் இருந்தது என்று அவளுக்கே தெரியாது. வழி நெடுக அவள் தலைக்குள் ஒரே ஒரு வாக்கியத்தைக் கட்டிக்கொண்டும் கலைத்துக்கொண்டும் வந்தாள்.

ஆலோசனை நிறுவனம் கீழவீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. சுவரெல்லாம் மரத்தின் படம். மரம் ஒன்றுகூட இல்லை. கதிரவன் எழுந்து நின்று வரவேற்றான்.

"வாங்க மேடம், வாங்க சார். கையெழுத்துக்கு நானே வந்திருப்பேனே!"

"போடறேன் தம்பி. நான் சொல்ற ஒரு வரியைச் சேருங்க, போடறேன்." ராணி மூச்சு விடாமல் சொன்னாள்: "சவேரியார் தெருவில் பழைய தார் முழுவதும் பெயர்த்து எடுக்கப்பட்ட பிறகே புதிய தார் போடப்படும். சாலையின் மட்டம் எந்த வீட்டு வாசலையும் விட உயரமாக இருக்காது."

கதிரவன் முகம் வாடியது. "மேடம், இது விஷன் டாகுமெண்ட். இதுல இவ்வளவு ஸ்பெசிஃபிக்கா எழுத மாட்டாங்க. கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கற மாதிரி இருக்கணும்."

"வளைஞ்சு கொடுத்தது போதும். என் கேட்டு வளைஞ்சிருக்கு, நிலை வளைஞ்சிருக்கு, தண்ணி மொண்டு ஊத்தி என் முதுகும் வளைஞ்சிருக்கு. உங்க அறிக்கை கொஞ்சம் நேரா நிக்கட்டும்."

"உங்க கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல மேடம். எனக்கு குறிஞ்சிப்பாடி. எங்க அம்மாவும் வீட்டுக்குள்ள எறங்கித்தான் போறாங்க."

"அப்ப அங்க என்னா எழுதின?" என்று கேட்டார் ஜமாலுதீன்.

"அங்க எழுதறது வேற கம்பெனி சார்."

"அவன் என்னா எழுதினான்?"

கதிரவன் தலையைச் சொறிந்தான். "தரம் உயர்த்தப்படும்னுதான் சார்."

கதிரவன் மடிக்கணினியைத் திறந்து தட்டச்சு செய்யத் தொடங்கினான். ராணி நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

திரையில் வந்தது: 'சவேரியார் தெருவில் மக்கள் நலன் கருதி உரிய முறையில்...'

"உரியன்னா யாருக்கு உரிய?"

அழித்தான்.

'சவேரியார் தெருவில் பழைய தார் இயன்றவரை பெயர்த்து எடுக்கப்பட்ட பிறகே...'

"நிறுத்து!" ராணி போட்ட அதட்டலில் பக்கத்து மேசைக்காரர் டீயைக் கொட்டிக்கொண்டார். "அது இன்னா இயன்றவரை?"

"மரியாதைக்கு மேடம். எல்லா வாக்கியத்துலயும் போடுவோம்."

"நானும் பாலிசிக்காரி தம்பி. இந்த ஒத்த வார்த்தைய வச்சிக்கினு எத்தினி பேருக்குப் பணம் வராமப் போச்சுன்னு எனக்குத் தெரியும். எடு அத."

எடுத்தான். அடுத்த வரியில் 'கூடுமானவரை' வந்து உட்கார்ந்தது. அதையும் எடுக்க வைத்தாள். 'தொழில்நுட்பச் சாத்தியத்திற்கு உட்பட்டு' வந்தது. அதை விரட்டினால் 'படிப்படியாக' வந்தது. ஒரு மூட்டைப்பூச்சியை நசுக்கினால் தலையணைக்குள்ளிருந்து அதன் மாமன் மச்சான் எல்லாம் வருவதுபோல வந்துகொண்டே இருந்தன. கதிரவன் வேண்டுமென்று போடவில்லை. அவன் விரல்களுக்கு வேறு பழக்கமே இல்லை. ராணி இமைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமைத்தால் ஒரு 'இயன்றவரை' நுழைந்துவிடும்.

"ராணிக்கா, சாப்பிட்டு வந்து பாக்கலாமா?" என்றார் ஜமாலுதீன்.

"நீங்க போங்க பாய். நான் எழுந்தா இவன் ஒரு வார்த்தைய உள்ள தள்ளிடுவான்."

கடைசியில் வாக்கியம் அவள் பஸ்ஸில் கட்டியபடியே, ஒட்டுண்ணி ஒன்றும் இல்லாமல் நின்றது. அச்செடுத்துக் கொடுத்தான். மூன்று முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். திரும்புகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

அறிக்கை ஒப்புதலாகி வேலை தொடங்கியபோது மேற்பார்வைக்கு வந்தவர் சிங்காரம் என்கிற ஒப்பந்தக்காரர். ராணி அச்சுத்தாளைப் பிடித்துக்கொண்டு கேட்டில் நின்றாள், சண்டைக்குத் தயாராக. சண்டை வரவில்லை.

"படிச்சேம்மா. மத்த பக்கமெல்லாம் கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்குது. ஆனா அதுக்கு எந்த வண்டிய கொண்டாறதுன்னு தெரியல. உங்க வரி ஒண்ணுலதான் வேலை இருக்குது," என்றார் சிங்காரம்.

தார் பெயர்க்கிற இயந்திரம் வந்தது. அது போட்ட சத்தத்தில் கெடிலம் ஆற்று மீனெல்லாம் கடலுக்குப் போய்விட்டது. அடுக்கடுக்காய்ப் பெயர்ந்து விழ விழ, சவேரியார் தெரு இறங்கிக்கொண்டே போனது. ராணியின் வீட்டுச் சன்னலில் முதலில் முழங்கால்கள் தெரிந்தன, பிறகு இடுப்பு, பிறகு முகங்கள். இவ்வளவு நாள் செருப்பாக மட்டும் தெரிந்தவர்களில் பாதிப் பேரை அவளுக்கு அடையாளமே தெரியவில்லை. கேட் முனகாமல் திறந்தது. காரணமே இல்லாமல் அதைத் திறந்து திறந்து மூடினாள்.

இந்தச் சந்தோஷம் முதல் மழை வரைக்கும் இருந்தது.

மழை விட்ட காலையில் கேட்டை யாரோ உலுக்கினார்கள். சவேரியார் தெருவைக் குறுக்கே வெட்டிப் போகிற குட்டைக்கரைத் தெருவின் மங்கலம். புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகியிருந்தாள்.

"எம்மா ராணி! உன் தெருவு பேர மட்டும் எழுதிக்கினு வந்துட்டியே, நாங்கல்லாம் மனுசங்க இல்லியா? எங்க தெருவுல பழைய தாரு மேலயே ஏத்திட்டுப் போயிட்டான். என் அடுப்புக்குள்ள தண்ணி நிக்குது!"

ராணி மங்கலத்தோடு தெருமுனைக்கு ஓடினாள். இரண்டு தெருவும் சேருமிடத்தில் கத்தியால் வெட்டியதுபோல ஒரு திட்டு. அந்தப் பக்கம் குட்டைக்கரைத் தெரு மலைபோல ஏறி நின்றது. அதன் தண்ணீரில் பாதி அந்தத் தெரு வீடுகளுக்குள்ளும், மீதி அருவியாக விழுந்து சவேரியார் தெருவுக்குள்ளும் போய்க்கொண்டிருந்தது. சிங்காரம் குடையோடு நின்றார்.

"என்னா சிங்காரம் இது?"

"நீங்க கொடுத்த வரிதாம்மா. சவேரியார் தெருவில்னு தெளிவா இருக்குது. அது முடியற எடத்துல நானும் முடிச்சிட்டேன். அந்தத் தெருவுக்கு 'தரம் உயர்த்தப்படும்'னுதான் இருக்குது. உயர்த்திட்டேன்."

ராணிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அடித்தும் கொண்டாள். நாளெல்லாம் 'இயன்றவரை'யையே வெறித்துக்கொண்டிருந்தவளுக்கு, பக்கத்தில் ஒரு தெருவே விட்டுப்போனது கண்ணில் படவில்லை. கதிரவனைச் செல்பேசியில் பிடித்தாள்.

"தம்பி, குட்டைக்கரைத் தெருவையும் சேர்க்கணும்."

"அறிக்கை இறுதியாயிடுச்சு மேடம். இருந்தாலும் அடுத்த கட்டத்துல உரிய பரிசீலனை..."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. செல்பேசியை அணைத்துவிட்டு எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"பாய்! சட்டைய மாத்துங்க. சிதம்பரம் பஸ்ஸுக்குப் போறோம். மங்கலம், நீயும் கெளம்பு."

மங்கலத்துக்குக் கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது. "ஐயோ, ஆபீசுக்கா? நான் அங்க வந்து இன்னா பேசறது?"

"ஒண்ணும் பேச வாணாம். அவன் எழுதும்போது பக்கத்துல குந்திக்க. நான் வார்த்தைய பாத்துக்கறேன், நீ தெருவ பாத்துக்க. ஒண்ணு வுடாத," என்று சொல்லிவிட்டு, சிங்காரத்தின் குடையைப் பிடுங்கி, அருவியைத் தாண்ட ஊன்றினாள் ராணி.