ஒரு மணி நேரமாவது

டேப்லெட்டில் ‘எல்லா வீட்டுக்கும் இதே பதில்’ என்று ஒரே ஒரு பொத்தான்தான், அதையும் கால் வலியில் முழுசாகப் படிக்காமல் அழுத்தித் தொலைத்தான்... கடைசி வீட்டுப் பென்ஷன்காரர் சொன்ன ‘வேலை இல்லை, தேடவும் இல்லை’ தெருவுக்கே பதிவாகிவிட்டது, பல் டாக்டர், பஸ் டிரைவர், பேக்கரிக்காரர் என்று அறுபத்துமூன்று வீட்டுக்காரர்களுக்கும் ஒரே நொடியில் வேலை போய்விட்டது, எந்தப் பஞ்சத்தாலும் ஆகாத காரியம், இவன் கட்டைவிரலால் ஆயிற்று. இப்போது கணக்கெடுப்பு அலுவலக பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறான், மூன்று மாத ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது, நீட்டிப்பார்களா, மாட்டார்களா... சரி, இப்படிக் காத்திருப்பது வேலையில் சேருமா? போன ஏழு நாளில் ஒரு மணி நேரமாவது சம்பளத்துக்கு உழைத்தவன் வேலையில் இருப்பவன், இவன் கையிலிருக்கும் படிவமே சொல்கிறது. ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கமோ ‘இவர் ஊழியர் அல்லர், சேவை வழங்குநர்’ என்கிறது, ஊழியனே இல்லாதவனை எப்படி வேலையை விட்டுத் தூக்குவார்கள்? அடடா, சட்டம் எவ்வளவு கருணையானது! பயிற்சி கொடுக்க வந்த பொருளாதாரப் பேராசிரியர், நடப்புக் கூலிக்கு உழைக்கத் தயாராயிருந்தும் வேலை கிடைக்காதவனே வேலையற்றவன் என்றார், இவன் பாதிக் கூலிக்கே தயார், அதற்கு என்ன பெயரோ? மாமனாருக்கு இதெல்லாம் வேண்டாம், கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் மாப்பிள்ளை, தொங்காவிட்டால் “அவர் இருக்காரே, அவர்”.

தெருவில் அந்தப் பென்ஷன்காரரைத் தவிர யார்தான் நேராகப் பதில் சொன்னார்கள்? வேலை செய்தீர்களா, ஆமாவா இல்லையா, இவ்வளவுதான் கேள்வி. பல் டாக்டர் காலேஜ் நாளிலிருந்து ஆரம்பித்தார். தையல்கார அக்கா வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே, “வேலையா? அது எங்க தம்பி முடியுது, நீ வேற” என்று சிரித்தார், சிரித்துவிட்டு இவனுடைய கிழிந்த பையைத் தைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை, அதை எந்தக் கட்டத்தில் போடுவது... பாவம், அந்த அக்காவையும் அல்லவா வேலையில்லாதவராக்கிவிட்டான்!

கதவு திறந்தது. கண்காணிப்பாளர் அம்மா.

“மேடம், தெரு பூராவும் நானே மறுபடி போய்க் கேட்டுட்டு வந்துடறேன், காசு கூட வேணாம். திங்கக்கிழமை எனக்கு வேலை இருக்குங்களா, இல்லீங்களா?”

“இல்ல தம்பி.”

இரண்டே சொல். பதிலைக் குறிக்கக் கை தானாக டேப்லெட்டைத் தேடியது. அறுபத்துமூன்று வீட்டிலும் இப்படி நேராகச் சொல்லியிருந்தால் காலும் வலித்திருக்காது, அந்தப் பொத்தானைப் படிக்காமல் அழுத்தியிருக்கவும் மாட்டானே... படிவத்தில் அடுத்த கேள்வி என்ன, ‘வேலை தேடுகிறீர்களா’வா?