கழுவி வைத்த விமானம்

ஐஸ் பெட்டியின் வயர் சுவரிலிருந்த பிளக் வரை எட்டவில்லை. பெட்டி கொண்டுவந்த ஆள் வயரின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, "எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருக்காம்மா?" என்று கேட்டான். ஆன்மேரி அப்போது தன் கணவர் லூர்துராஜின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் போட்ட கட்டு, ஆம்புலன்ஸ் பழங்காநத்தம் வந்து சேர்வதற்குள் அவிழ்ந்துவிட்டது. ஒரு கட்டுக்கூட உருப்படியாகப் போடத் தெரியாதவர்களிடமா மூன்று நாள் மனுசனை விட்டிருந்தோம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தது. அது இருந்த இடம்தான் வில்லங்கம். பின்னறையில், லூர்துராஜின் மேசைக்கு அடியில் கிடந்தது. அந்த அறையின் சாவி மூன்று நாளாக அவள் இடுப்பில்தான் இருக்கிறது.

"ஜெய்சன், எடுத்துட்டு ஒடனே பூட்டிரு. மேச பக்கம் மூச்சுக்கூட விடாத" என்று மகனிடம் சாவியைக் கொடுத்தாள்.

"சரிம்மா" என்றான். காலையில்தான் பெங்களூர் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கொண்டுவந்தான். பூட்டினானா என்று அவள் கேட்கவில்லை. அதற்குள் மாலையோடு நாலு பேர் வந்துவிட்டார்கள், யாரோ நாற்காலி போதவில்லை என்றார்கள், பாதர் நாலு மணிக்கு வருவதாகப் போன் வந்தது. ஒரு சாவுக்கு இம்புட்டு வேலையா?

மேசையில் இருந்தது ஒரு விமானம். முழத்துக்குக் கொஞ்சம் குறைவான இறக்கை. ஹரிக்கேன் என்று பெயர், இரண்டாம் உலகப் போரில் பர்மா பக்கம் பறந்ததாம். மிஷன் ஸ்கூல் ஆபீசில் முப்பத்தொரு வருசம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் லூர்துராஜ். மற்றவர்கள் ஓய்வு பெற்றால் வாக்கிங் போவார்கள், சர்ச் அன்பியக் கூட்டத்துக்குப் போவார்கள். இவர் பிளாஸ்டிக் விமானம் ஒட்டினார்.

ஒட்டியதோடு விட்டாரா? மூன்று மாதம் ஒட்டி, பச்சையும் காவியுமாகப் பெயின்ட் அடித்து முடித்த அன்றைக்கு அது அப்படி ஜொலித்தது. ஆன்மேரியே பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டி வந்து காட்டினாள். மறுநாள் காலையில் பார்த்தால், மனுசன் உட்கார்ந்து அதை அழுக்காக்கிக்கொண்டிருக்கிறார்!

"புதுசா இருக்குறத எதுக்குங்க நாசம் பண்றீங்க?"

"சண்டைக்குப் போன பிளேன் மேரி. ஷோரூம்ல நிக்கிற கார் மாதிரியா இருக்கும்?"

அந்த அழுக்கு வேலை ஐந்து மாதம் நடந்தது. புகைக்குழாய்க்குப் பின்னால் கரி. துப்பாக்கிக்குப் பின்னால் கரி. இடது இறக்கையில், பைலட் ஏறுகிற இடத்தில், பெயின்ட் உதிர்ந்து தகரம் தெரிய வேண்டும். உடைந்த பூந்தொட்டிச் சில்லை அரைத்து, சலித்து, அந்தத் தூளைச் சக்கரத்துக்குப் பூசினார். கடையில் விற்கிற கறுப்பு புகை மாதிரி இல்லை என்று, அவள் சமையல் கரண்டியை மெழுகுதிரியில் காட்டிக் கரி எடுத்தார். அதற்காக நடந்த சண்டைக்குக் கணக்கில்லை. ஆன்மேரி தினமும் சாயங்காலம் எதிரே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே திட்டுவாள். அவர் பூதக்கண்ணாடியிலிருந்து தலையைத் தூக்காமல் "ம், ம்" என்பார்.

முந்தாநாள் ஐ.சி.யு.வில் ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். அவளைப் பார்த்ததும் லூர்துராஜ் மாஸ்க்கைக் கீழே இழுத்தார்.

"மேரி, கடைசி வார்னிஷ் அடிக்கல. பவுடர் பூசுனபடி நிக்குது, தொட்டா போயிரும். யாரும் தொடாம பாத்துக்க."

"சரி, யாரும் தொடமாட்டாங்க. மாஸ்க்க மாட்டுங்க மொதல்ல."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. முப்பத்து நாலு வருசம் குடும்பம் நடத்தியவளிடம், போகிற நேரத்தில் சொல்ல வேறு வார்த்தையா கிடைக்கவில்லை? நினைக்க நினைக்க ஆன்மேரிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். சொன்னது சொன்னதுதான்.

ஒரு மணி இருக்கும். பின்கட்டில் முகத்தைக் கழுவிவிட்டு அவள் ஹாலுக்கு வந்தபோது, ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடிக்கு மேலே, லூர்துராஜின் நெஞ்சுக்கு நேராக, அந்த விமானம் நின்றுகொண்டிருந்தது. பளபளவென்று. பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ வேறு.



லூர்துராஜின் அக்கா தெரசா பேரையூரிலிருந்து வந்தவர், எழுபத்தொரு வயது. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா மேரி. நாற்காலி எடுக்கப் போனா மேசையில கெடக்கு. ஒரே கரியும் புழுதியும். ஆளு ஆஸ்பத்திரிக்குப் போனதுலருந்து தொடைக்கக்கூட ஆளில்லாம கெடந்திருக்கு, பாவம். என் தம்பி கையால செஞ்சது, நாலு பேரு பாக்கட்டும்னு சோப்புப் போட்டுக் கழுவி வச்சேன். போவேனாங்குது கரி! பல்லு வெளக்குற பிரஷ்ஷ வச்சுத் தேச்சேன்."

ஆன்மேரி குனிந்து இறக்கையைத் தேடிப் பார்த்தாள், ஒரு பொட்டுக் கரி இல்லை.

"மேல ஒரு முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருந்துச்சு. சின்னப் புள்ளைக கண்ணுல குத்திருமேன்னு அத மட்டும் ஒடிச்சுப் போட்டேன்."

கர்த்தரே! அது ரேடியோ ஏரியல். அதை ஒட்டுவதற்கு மட்டும் அந்த மனுசன் ஒரு நாள் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என்ன சொல்வது? தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். அழுது அழுது கண் இரண்டும் வீங்கியிருக்கிறது. இவரை வைதால் ஊர் காறித் துப்பும். வையாமல் விட்டால் தனக்கு நெஞ்சு வெடித்துவிடும். ஆன்மேரி விமானத்தைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனாள். கதவு விரியத் திறந்து கிடந்தது.

பின்னாலேயே ஓடிவந்தான் ஜெய்சன். "சாரிம்மா. போன் வந்துச்சு, பூட்ட மறந்துட்டேன்."

"எட்டு மாசம்டா. எட்டு மாசம் ஒக்காந்து செஞ்சத ஒங்க அத்த அர மணி நேரத்துல வெளக்கி வச்சுட்டாங்க. நீ பூட்டு பூட்டுன லட்சணம்!"

"விடுங்கம்மா, அப்பாவே போயிட்டாரு. இத யாரு பாக்கப் போறா?"

"போடா வெளிய."

கதவைச் சாத்தப் போன நேரத்தில் சூரியபிரகாஷ் வந்து நின்றான். கப்பலூரில் பஸ் பாடி கட்டுகிற இடத்தில் பெயின்டர். நாற்பது வயது. இந்த ஊரில் லூர்துராஜின் கிறுக்கு பிடித்த இன்னொரு ஆள் அவன் ஒருவன்தான். கையில் மாலையோடு பெட்டிப் பக்கம் நின்று கும்பிட்டபோது கல்லு மாதிரி இருந்தவன், மேசையில் இருந்ததைப் பார்த்ததும் "அய்யய்யோ அண்ணே" என்று தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். குலுங்கிக் குலுங்கி அழுதான். பிணத்தைப் பார்த்து வராத அழுகை பிளாஸ்டிக்கைப் பார்த்து வருகிறது. எல்லாம் ஒரே ரகம்.

"அழுதது போதும் தம்பி. ஒங்களுக்குத்தான் தெரியுமே, எந்திரிச்சு இதப் பழையபடி ஆக்குங்க."

அவன் கையை நீட்டிப் பார்த்தான். பிறகு பின்னால் இழுத்துக்கொண்டான்.

"நான் தொட்டதே இல்லக்கா. அண்ணே என்னைய அங்குட்டு நின்னுதான் பாக்க விடுவாரு. எனக்கு எது எங்க இருந்துச்சுன்னு முழுசாத் தெரியாது. நீங்கதான் தெனமும் எதுக்க ஒக்காந்திருப்பீங்க."

ஆன்மேரிக்கு அவனை அறையலாம் போல இருந்தது. எதிரே உட்கார்ந்து பூண்டல்லவா உரித்தாள்! யாரும் தொடக்கூடாது என்று சொன்னாரே, அந்த யாரும் என்பதில் தான் சேர்த்தியா இல்லையா என்று கேட்டுவைக்கவும் இல்லை. இரண்டே முக்கால் மணி நேரத்தில் அந்த மனுசனைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது.

நாற்காலியை இழுத்துப் போட்டாள். பூதக்கண்ணாடியை இழுத்தாள்.

பூந்தொட்டித் தூள் மாத்திரை டப்பாவில் மிச்சம் இருந்தது. சக்கரத்துக்குப் பூசினாள். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் ஒரு கிள்ளு பிய்த்து, வெள்ளிப் பெயின்டில் தொட்டு, பேப்பரில் முக்கால்வாசி ஒத்தி எடுத்துவிட்டு, இடது இறக்கையில் ஒற்றினாள். வலது பக்கம் ஒன்றும் கூடாது, அந்தப் பக்கம் யாரும் ஏறுவதில்லை. யார் சொல்லிக்கொடுத்தது? யாரும் இல்லை. கை பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. சூரியபிரகாஷ் விளக்குமாற்றுக் குச்சியைச் சீவி, ஏரியல் இருந்த ஓட்டையில் பசை வைத்து நிறுத்தினான்.

கரிதான் இல்லை. டப்பாவைத் தட்டினாள், வெறும் டப்பா. வீட்டிலிருந்த மெழுகுதிரி எல்லாம் ஹாலில் லூர்துராஜின் தலைமாட்டில் எரிந்துகொண்டிருந்தன.

ஜெபமாலை நடந்துகொண்டிருந்தது. நாற்பது பேர் "அருள் நிறைந்த மரியே" சொல்லிக்கொண்டிருக்க, ஆன்மேரி ஒரு எவர்சில்வர் கரண்டியோடு வந்து தலைமாட்டில் நின்று, அதை மெழுகுதிரிச் சுடரின் மேல் கவிழ்த்துப் பிடித்தாள். ஜெபமாலையில் ஒரு மணி உருளும் நேரத்துக்கு ஜெபம் தடுமாறியது. பிறகு மறுபடி ஓடியது. ஒருவரும் கேட்கவில்லை. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று முன்வரிசையில் ஒரு அம்மா உச்சுக்கொட்டினாள்.

தெரசாதான் மெல்லப் பேச்சை இழுத்தார். "ஏத்தா மேரி, என்ன பண்ற? கரண்டி கறுத்துப் போச்சு பாரு."

"கறுக்கட்டும் மதினி. நீங்க ஜெபத்தச் சொல்லுங்க."

சுடர் ஆடியபோது கண்ணாடிக்குக் கீழே அவர் முகம் தெரிந்தது. பவுடர் போட்டு, சீவி, மீசையைக்கூட ஒதுக்கிவிட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் மாதிரியே இல்லை, கல்யாணத்துக்குக் கிளம்பியவர் மாதிரி இருந்தார். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

கரியை வழித்துக்கொண்டு திரும்பினாள். பிரஷ்ஷில் தொட்டு முன்னாலிருந்து பின்னால், ஒரே இழுப்பு. சூரியபிரகாஷ் மூச்சுவிடவில்லை. வலது பக்கக் கோடு கொஞ்சம் தடித்துவிட்டது. "சை!" என்றாள். பிரஷ்ஷை வைத்துவிட்டுக் கட்டைவிரலால் லேசாகத் தேய்த்தாள். புகை கலைந்து, பின்னால் போகப் போக மெலிந்து, அடித்த காற்றுக்கு அப்படியே படிந்தது மாதிரி ஆகிவிட்டது.

"அண்ணேயும் வெரலாலதாங்க்கா தேய்ப்பாரு" என்றான் சூரியபிரகாஷ்.

"எனக்குத் தெரியாதாக்கும்? அந்த வெரலோட வந்து சோத்துல கைய வைப்பாரு. எத்தன நாளு வஞ்சிருக்கேன்."

சொல்லிவிட்டு அழுதாள். செத்ததிலிருந்து அப்போதுதான் அழுதாள். சூரியபிரகாஷ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

வார்னிஷ் அவன்தான் அடித்தான். ஒரே பூச்சு, கை நடுங்காமல் அடித்தான். "காயுறதுக்கு அர மணி நேரம் ஆகும்க்கா. இனிமே தொட்டாலும் போகாது."

"அம்மா!" என்று ஜெய்சன் கதவைத் தட்டினான். "பாதர் வந்துட்டாரு. அப்பாவப் பெட்டிக்கு மாத்தியாச்சு. வாங்கம்மா, ஒங்களுக்காகத்தான் நிக்கிறாங்க."

கைகழுவக்கூட விடவில்லை. கூட்டம் வழிவிட்டது. சவப்பெட்டியில் வெள்ளை லேஸ் துணிக்கு நடுவே லூர்துராஜ் படுத்திருந்தார். பாதர் தீர்த்தம் தெளித்து முடித்தார். ஜெய்சன் குனிந்து அப்பா நெற்றியில் சிலுவை போட்டான். தெரசா முத்தம் கொடுத்துவிட்டு நகர மனசில்லாமல் நின்றார். ஆன்மேரி குனிந்தாள். ஐஸ் மாதிரி இருந்த நெற்றியில் கட்டைவிரலால் மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது. பவுடர் பூசிய நெற்றியில் கன்னங்கரேல் என்று ஒரு சிலுவை.

கூட்டத்தில் யாரோ "ச்சொ" என்றார்கள். தெரசா பதறி, தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துக் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு வந்தார்.

"ஏத்தா, கரி ஒட்டிருச்சே. இரு, தொடச்சு விட்டுர்றேன்."

ஆன்மேரி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருக்கட்டும் மதினி. அவருக்கு அப்படித்தான் புடிக்கும்."

தெரசா அவளைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். ஈரக் கைக்குட்டையை உள்ளங்கைக்குள் சுருட்டிக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார். நாலு பேர் மூடியைத் தூக்கி வந்தார்கள்.